அவன் வந்ததும் திறக்க வேண்டிய பாட்டில்

அந்த ஓட்டலின் அடித்தளத்தில் நாலாயிரம் ஒயின் பாட்டில்கள் படுத்திருந்தன. அதில் எது தேறும், எது தேறாது என்று சொல்வதுதான் அவள் வேலை. இருபது வருஷமாக அதையே செய்கிறாள். கூட வேலை பார்க்கிறவர்கள் அவளுக்கு மூக்கு என்று பேர் வைத்திருந்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், கடைசியில் மேனேஜரே மூக்கைக் கூப்பிடு என்று ஆளனுப்ப ஆரம்பித்தார். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணு, காது என்று செல்லமாகக் கூப்பிடுகிற உலகத்தில் மூக்குக்கு மட்டும் என்ன குறைச்சல்.

மூக்கிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாட்டில் விஷயத்தில் பொய் சொல்லாது. ஒரு தடவை ஒரு கிழவரும் அவர் மனைவியும் ஓட்டலுக்குச் சாப்பிட வந்தார்கள். கல்யாணத்தன்று வாங்கி நாற்பது வருஷம் பத்திரப்படுத்திய நுரை ஒயினைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார் கிழவர். மூக்கு அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது போய்விட்டது ஐயா, திறக்காதீர்கள் என்றாள். கிழவர் மேஜையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினார். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் சொத்தா கரைந்துவிடும் என்று கேட்டார். சொல்லியிருந்தால் அவர் குடித்துப் பார்த்திருப்பார், அப்புறம் என் பேச்சை யார் நம்புவார்கள் என்றாள் அவள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா போன் பண்ணி, அலமாரியில் இருக்கிற பாட்டிலை வந்து பார் என்றாள்.

எந்தப் பாட்டில் என்று மூக்கு கேட்கவில்லை. அந்த வீட்டில் இருந்ததே ஒரு பாட்டில்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், தம்பி கப்பல் வேலைக்குக் கிளம்பிய அன்று வாங்கிவந்தது. அவனுக்குக் கல்யாணமாகி ஐந்து மாசம் ஆகியிருந்தது. பத்து மாச ஒப்பந்தம், போனோம் வந்தோம் என்று முடிந்துவிடும் என்றான். அக்காவைக் கேட்டால் எதையாவது நொட்டை சொல்வாள் என்று கேட்காமலே கடைக்குப் போய், பளபளப்பான தாள் சுற்றியதாகப் பார்த்து ஒரு நுரை ஒயினைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் கழுத்தில் நீலக் கயிறு ஒன்றைச் சுற்றி, பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொண்ட மாலுமி முடிச்சு ஒன்றைப் போட்டான். அம்மா கையில் கொடுத்து, இது கெட்டுப் போறதுக்குள்ள வந்துடுவேன், நான் வந்ததும்தான் திறக்கணும் என்றான். எட்டாவது மாசம் எங்கேயோ ஒரு துறைமுகத்தில் கரைக்கு இறங்கினான். கப்பல் கிளம்பியபோது அவன் ஏறவில்லை. அவ்வளவுதான் தெரியும். செத்தான் என்று சொல்ல ஒரு சாட்சி இல்லை, இருக்கிறான் என்று சொல்ல ஒரு கடுதாசி இல்லை.

அம்மா காத்திருக்க ஆரம்பித்தாள். மாசா மாசம் முதல் தேதி அவன் சட்டைகளையெல்லாம் எடுத்து உதறி, இஸ்திரி போட்டு, திரும்ப மாட்டுவாள். அவன் செருப்பு வாசலோரம் இருந்தது. அதை யாராவது நகர்த்தினால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று எவனாவது என்னிடம் வந்து சொன்னால் மறுநாள் நான் இருக்க மாட்டேன் என்று அவள் ஒருமுறை சொன்னாள். அப்பா அதை நம்பினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவும் போனார்.

காத்திருந்த இன்னொருத்தியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தம்பி மனைவி. கல்யாணத்தின்போது அவளுக்கு இருபத்திமூன்று வயது. ஆறு வருஷம் மாமியார் கூடவே இருந்தாள், பிறகு வேலை பார்க்கிற இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போனாள். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். அவளுக்கும் இஷ்டம்தான். ஆனால் தம்பி இறந்துவிட்டதாகக் கோர்ட் அறிவித்தால்தான் அது நடக்கும். இரண்டு தடவை வழக்கு வந்தது. இரண்டு தடவையும் அம்மா கூண்டில் ஏறி, என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அடித்துச் சொன்னாள். ஒரு தாய் அப்படி அழுதால் எந்த நீதிபதிதான் துணிந்து எழுதுவார். தள்ளிவைத்தார்கள்.

வருகிற வியாழக்கிழமை மூன்றாவது தடவை. கண்ணாடிக் கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதருக்கும் வயது ஏறுகிறது. இதுவும் தள்ளிப்போனால் தன் வீட்டார் பார்த்திருக்கும் வேறு இடத்துக்குச் சரி சொல்லிவிடுவேன் என்று அவர் பட்டும் படாமலும் சொல்லியிருந்தார். தம்பி மனைவி மூக்கின் முன்னால் வந்து உட்கார்ந்து, அம்மா சம்மதம் எழுத வேண்டிய தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, எனக்கு முப்பத்தினாலு ஆகுது அண்ணி என்றாள்.

அந்தத் தாளைத்தான் மூக்கு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஒரு வாரம் பேச்சே இல்லை. இப்போது போன்.

"அவன் கெட்டுப் போறதுக்குள்ள வந்துடுவேன்னு சொன்னான். நீ வந்து பாரு. கெட்டுப் போச்சுன்னா கையெழுத்துப் போடறேன். நல்லா இருந்தா போட மாட்டேன். நீ பாட்டில்ல பொய் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

மூக்குக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரு பெண்ணின் மிச்ச வாழ்க்கையை ஒரு பாட்டிலிடம் கேட்டு முடிவு பண்ணுவதா என்று கோபம் வந்தது. ஆனால் பஸ்ஸில் போகப் போக மனசு லேசானது. பொய்யே சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரி ஒயின் இரண்டு மூன்று வருஷம் தாங்கும், மிஞ்சிப்போனால் ஐந்து. பதினோரு வருஷம் அலமாரியில் நட்டுக்க நின்றது தேறவே தேறாது. தொழில் சுத்தத்தோடு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள்.

அம்மா பாட்டிலை மேஜையில் ஒரு துண்டு விரித்து வைத்திருந்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவளைப் போல எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

திறக்காமலே ஒரு பாட்டிலிடம் கேட்கிற கேள்விகள் சில உண்டு. மூக்கு அவற்றை வரிசையாகக் கேட்டாள். கழுத்தைப் பார்த்தாள். கார்க்குக்கும் ஒயினுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. பழசானால் ஒயின் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இன்னும் இறங்கியிருக்கும், இது இறங்கவில்லை. தாளின் விளிம்பைத் தடவினாள். பிசுபிசுப்பு இல்லை. கார்க்கைப் பிடித்திருக்கும் கம்பிக் கூட்டில் துரு இல்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். ஆறிப்போன டீ நிறத்தை எதிர்பார்த்தவளுக்கு வைக்கோல் நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது. லேசாகச் சாய்த்தபோது ஓரத்தில் பொடிக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றன.

குடிக்கலாம். கொஞ்சம் களைத்திருக்கும், ஆனால் தாராளமாகக் குடிக்கலாம்.

இருபது வருஷத்தில் இப்படி ஒரு பாட்டிலை அவள் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது, அப்படி ஒன்று நடக்காது. அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு பாட்டிலைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கண்ணாடியின் விளிம்பில், ஊசியால் கீறின மாதிரி பொடி எண்களில், அடைத்த தேதி இருக்கும். வாடிக்கையாளர்கள் அதைப் பார்ப்பதில்லை. ஓட்டலுக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அவள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தம்பி கப்பல் ஏறி ஏழு வருஷம் கழித்து அடைத்த பாட்டில் அது.

இரண்டாவது தடவை படித்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்றாவது தடவை படித்தாள். பிறகு கழுத்திலிருந்த நீலக் கயிற்றைத் தொட்டாள். முடிச்சு முடிச்சாகவே இருந்தது, ஆனால் கயிறு வளையல் மாதிரி லூசாகச் சுழன்றது.

இதை ஓட்டலுக்குக் கொண்டுபோய் நல்ல விளக்கில் பார்க்க வேண்டும் என்றாள் மூக்கு. நேரம் வாங்குவதற்காகச் சொன்னதுதான். அம்மா முடியாது என்று துண்டோடு பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இந்தப் பாட்டில் இந்த வீட்டை விட்டு வெளியே போகாது என்றாள். அப்புறம், உண்மையை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவள் போல, ஒரே ஒரு தடவை போயிருக்கிறது என்று சேர்த்துக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால். பிள்ளையைத் தேடித் தரச் சொல்லிக் கொடுத்திருந்த மனு விஷயமாகத் துறைமுக ஆபீஸில் விசாரிக்கப் போய்விட்டு அப்பா திரும்பிவந்த மறுநாள். பாட்டில் தூசு படிந்து கிடக்கிறது, பணிமனையில் நல்ல எண்ணெய் இருக்கிறது, துடைத்துக்கொண்டு வருகிறேன் என்று எடுத்துப் போனார். சாயங்காலம் பளிச்சென்று கொண்டுவந்து வைத்தார். அந்த ஆபீஸில் ஒரு தகவலும் இல்லை, இனிமேல் அங்கே போய் அலைய வேண்டாம் என்றும் சொன்னார்.

"அன்னைலேர்ந்து உங்கப்பாவும் மாறிட்டாரு. அதுவரைக்கும் என்னைப் பைத்தியக்காரின்னு சொன்ன மனுஷன், அவன் சட்டையெல்லாம் அவரே இஸ்திரி போட ஆரம்பிச்சாரு. என்னைத் தொட விடல."

மூக்கு எழுந்துகொண்டாள். விளக்கையாவது எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஓட்டல் பக்கம் போகவில்லை. அப்பா முப்பது வருஷம் வேலை பார்த்த பஸ் பணிமனைக்குப் பின்னால், தகரக் கதவு போட்ட வீட்டில், அவரோடு கூடவே ஓய்வு பெற்ற வெல்டர் இருந்தார். அப்பா யாரிடமாவது வாய் திறந்திருந்தால் அவரிடம்தான் திறந்திருப்பார்.

வெல்டருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. குரலை வைத்துக் கண்டுபிடித்து உட்காரச் சொன்னார். அப்பா மாற்றிய பாட்டிலைப் பற்றி மாமா என்று அவள் ஆரம்பித்ததுமே அவர் எழுந்துவிட்டார். சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். இரும்புப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பழுப்புக் காகித உறை ஒன்றைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

உள்ளே தம்பியின் கைக்கடிகாரம் இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் அவன் மாலுமி அட்டை இருந்தது. தண்ணீர் புகுந்து அவன் முகத்தில் பாதி போயிருந்தது. முத்திரை குத்திய ஒரு தாளும் இருந்தது. அந்தத் துறைமுகத்தில் பழைய படகுத்துறை ஒன்றை வற்றவைத்துத் தூர் வாரியபோது எலும்புகள் கிடைத்தன என்றும், அட்டையை வைத்து அடையாளம் கண்டு அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. கப்பல் வேலைக்கு முதலில் பேர் பதிந்தபோது தம்பிக்குக் கல்யாணமாகவில்லை. நெருங்கிய உறவு என்ற இடத்தில் அப்பா பேரை எழுதியிருந்தான், பிறகு மாற்ற மறந்துவிட்டான். அதனால் உறை அப்பா கைக்கு வந்தது. அடியில் பெற்றுக்கொண்டேன் என்று அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்றைக்கு நடந்ததை வெல்டர் சொன்னார். பழுதாகி ஓரம் கட்டியிருந்த ஒரு பஸ்ஸின் கடைசி சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அப்பா கடிகாரத்தை நடுவில் வைத்தார். பிள்ளை வந்ததும் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான், வந்துவிட்டான், திறந்துவிடலாம் என்றார். இரண்டு பேருமே அதுவரை அப்படி ஒன்றைத் திறந்ததில்லை. வெடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் வெல்டர் காதைப் பொத்திக்கொண்டார். அப்பா குறட்டால் பிடித்து இழுத்தார். கார்க் பழைய மரமுளை மாதிரி சும்மா கழன்று வந்தது. ஒரு சத்தமும் இல்லை. நுரையும் இல்லை. உள்ளே பழுப்பாக இருந்தது.

"நான் ஒரு வாய் வெச்சேன், வினிகர் தோத்துது. கீழ ஊத்துப்பான்னேன். கேக்கல. என் புள்ளை வாங்கினது, எப்படி ஊத்தறதுன்னு சொல்லிட்டு ஒரு சொட்டு விடாம குடிச்சாரு. குடிச்சுட்டு நேரா கடைக்குப் போய் அதே மாதிரி வாங்கிட்டு வந்தாரு."

கயிற்றை அவிழ்க்கத் தெரியாமல் அரைமணி நேரம் போராடி, கடைசியில் சோப்புத் தண்ணீர் தடவி உருவிப் புதுப் பாட்டிலில் மாட்டினார்களாம். அம்மா போட்டிருக்கும் நிபந்தனையை மூக்கு அவரிடம் சொன்னாள். வெல்டர் அவள் கையைத் தேடிப் பிடித்து, நீ அதைக் கெட்டுப் போனதாகச் சொல்லிவிட்டால் யாருக்கு நஷ்டம் என்றார். அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவாள். அந்தப் பெண் பிழைத்துப் போகும். செத்தவர் பேரும் கெடாது. இந்த உறை பெட்டியிலேயே கிடக்கட்டும்.

மூக்கு உறையைத் திரும்பக் கொடுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அப்பா பாவம்தான், யார் இல்லையென்றார்கள். அம்மாவைக் காப்பாற்றத்தான் செய்தார். ஆனால் இந்த ஒரு தாள் மூன்று வருஷமாக ஒரு இரும்புப் பெட்டியில் கிடந்தது. இது வெளியே வந்திருந்தால் கோர்ட்டும் வேண்டாம், கூண்டும் வேண்டாம். தம்பி மனைவி அன்றைக்கே விடுபட்டிருப்பாள். அவளுக்கு முப்பத்தியொன்றுதான் ஆகியிருக்கும். தன் பெண்டாட்டி மனசு உடையக் கூடாது என்று இன்னொருத்தியின் மூன்று வருஷத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். இப்போது தானும், பாட்டில் கெட்டுப் போய்விட்டது என்று ஒரு பொய் சொன்னால், காரியம் சுலபமாக முடிந்துவிடும். அம்மா ஒரு பாட்டிலை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாளிலிருந்து மறுபடியும் செருப்பை வாசலோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாட்டில்தானே கெட்டது, பிள்ளையா கெட்டான் என்பாள்.

மறுநாள் நான் இருக்க மாட்டேன் என்று அம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது. அதை நினைத்து வாசல் படியில் கொஞ்ச நேரம் நின்றாள். தம்பியின் செருப்பில் தூசியே இல்லை.

அம்மா அதே நாற்காலியில் இருந்தாள்.

"விளக்கு எங்க?" என்றாள்.

"வேண்டாம்மா. பாத்துட்டேன். நல்லா இருக்கு. குடிக்கலாம்."

அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. பதினோரு வருஷத்தில் மூக்கு அதைப் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கப் போவதுமில்லை. எனக்குத் தெரியும் என்று அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். மூக்கு அவள் தோளைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தாள்.

"ஆனா இது அவன் வெச்சுட்டுப் போன பாட்டில் இல்லம்மா. இது பின்னாடி வாங்கினது."

"அவன் வராம அதை யாரு திறப்பா?"

"அவன் வந்துட்டான்மா. வந்து மூணு வருஷம் ஆச்சு. அப்பா திறந்துட்டாரு."

கடிகாரத்தை எடுத்துப் பாட்டில் பக்கத்தில் வைத்தாள். அட்டையை வைத்தாள். தாளைப் பிரித்து, நிறுத்தி நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தாள். அம்மா கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள், விழுந்துவிடுவாள் என்று எதிர்பார்த்து நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றாள். அம்மா அதெல்லாம் செய்யவில்லை. கடிகாரத்தைக் கையில் எடுத்து வாரின் ஓட்டைகளை விரலால் எண்ணினாள். மூன்றாவது ஓட்டை அகலமாகி இருந்தது. அவன் எப்போதும் அதில்தான் மாட்டுவான்.

"அதான் சட்டையெல்லாம் அவரே தேய்ச்சாரா" என்றாள். வாரை விரலில் சுற்றிக்கொண்டே, "அது நல்லா இருந்துச்சாமா? அவர் குடிச்சப்போ?" என்று கேட்டாள்.

நல்லா இருந்துச்சு என்று மூக்கின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்லம்மா. கெட்டுப் போயிருந்துச்சாம். ஆனா மிச்சம் வைக்கலையாம்."

அம்மா தலையாட்டினாள். ஒயினைப் பற்றி இல்லை, அந்த மனுஷரைப் பற்றி, அவர் அப்படித்தான் செய்வார் என்று. பிறகு மகள் போன வாரம் கொடுத்துவிட்டுப் போன சம்மதத் தாளை அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னாள். இனிமேல் அது தேவையில்லை, இந்த முத்திரைத் தாளே போதும் என்றாள் மூக்கு.

"இருக்கட்டும், கொடு. இழுத்துப் பிடிச்சு வெச்சது நான்தானே. நான் எழுதித் தரேன்."

எழுதினாள். பேரை முழுசாக, எழுத்து எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்து, அந்தப் பெண்ணிடம் நீயே கொண்டுபோய்க் கொடு, என் முகத்தைப் பார்க்க அவளைக் கூப்பிடாதே என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. மகனுக்காக உடைந்ததா, மருமகளுக்காக உடைந்ததா என்று மூக்குக்குத் தெரியவில்லை.

பாட்டில் இன்னும் மேஜையில் நின்றுகொண்டிருந்தது. அம்மா அதன் கழுத்தில் இருந்த நீல முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நகம் இறங்கவில்லை.

"இதாவது அவன் கட்டினதா, இல்ல இதையும் உங்கப்பா மாத்திட்டாரா?"

"அது அவன் கட்டினதும்மா. அப்பாவுக்கு அவிழ்க்கவே தெரியல."

அம்மா முடிச்சை அப்படியே விட்டுவிட்டு, கயிற்றை மெதுவாக மேலே உருவினாள். கார்க்கின் மண்டையில் கொஞ்சம் மாட்டி, பிறகு வந்தது. தன் இரண்டு விரல்களைச் சேர்த்து அதற்குள் நுழைத்துக்கொண்டாள். பாட்டிலை மகள் பக்கம் தள்ளினாள்.

"இதை எடுத்துட்டுப் போயிடு. இது யாருதோ."